சமையலறை ஜன்னலில் ஆறு

செவெரினோவின் தலைக்குள் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம். முட்டி வலி, காது மந்தம், கண்ணில் புரை என்று வேறு எது இருந்தாலும் பெற்ற பிள்ளை பொறுத்துக்கொள்ளும், மாத்திரை வாங்கித் தரும். இல்லாத இடத்தில் ஆறு ஓடியது என்று ஒரு மனிதர் சாதித்தால் அதற்கு எந்தக் கடையில் மாத்திரை கிடைக்கும்? பெட்டியைக் கட்டி மணிலாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் ஒரே வழி என்று மகள் ரோவேனா முடிவு கட்டிவிட்டாள்.

ஈஸ்டர் விருந்தன்று ஆரம்பித்தது வினை. தம்பி அமாதோ குடும்பத்தோடு வந்திருந்தார். மீன் பொரிக்கும் வாசனை மூக்கில் ஏறியதும் செவெரினோவுக்குப் பழைய பண்ணை வீடு நினைவுக்கு வந்தது. அம்மா உர்பானா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து மீன் செதிலை வெளியே வீசுவாள், அது நேரே ஆற்றில் போய் விழும், வாத்துகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வரும், காலை வெயில் தண்ணீரில் பட்டு அம்மாவின் முகத்தில் ஆடும் என்று சொன்னார். சொல்லிவிட்டு நிம்மதியாக ஒரு வாய்ச் சோற்றை எடுத்தார். அமாதோ கரண்டியைக் கீழே வைத்தார்.

எந்த ஆறு என்று கேட்டார் அமாதோ. நம் வீடு இருந்தது சாலையோரம், எதிரே மாதா கோயில். சமையலறைக்குப் பின்னால் மூங்கில் புதர், அதைத் தாண்டினால் வயல். பம்பாங்கா ஆற்றுக்கு எருமையை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வாயில் போட்ட வெற்றிலை கரைந்துவிடும். போதாததற்கு அந்த ஜன்னல் மேற்குப் பார்த்த ஜன்னல், அதில் காலை வெயில் எந்த வழியாக வந்தது என்று கேட்டார். நகராட்சி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அமாதோ. எதையும் முத்திரை குத்துவது போலத்தான் பேசுவார்.

செவெரினோ அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. நாம் எல்லோரும் ஒரு நாள் இருட்டில் படகில் போனோமே, அதுவும் உனக்கு ஞாபகம் இல்லையா என்று கேட்டுவைத்தார். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்பாவுக்குத் தொட்டித் தண்ணியப் பார்த்தாலே கால் நடுங்கும்," என்றார் அமாதோ. "அவரு படகு ஓட்டினாரா? அண்ணே, நீங்க வேற யார் குடும்பத்துலயோ பொறந்து வளர்ந்திருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரோவேனா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் செவெரினோவுக்கு உறைத்தது.

அவள் பயந்ததற்கும் காரணம் உண்டு. ஊருக்கு வெளியே சின்ன வீட்டில் செவெரினோ தனியாக இருந்தார். பொழுது விடியும் முன்பே சேவல் எழுப்பிவிடும். அரிசியைக் கருக வறுத்துக் காப்பி போடுவார். இரண்டு கோப்பை எடுத்து வைப்பார். ஒன்று அவருக்கு, இன்னொன்று மனைவி பாசிலிசாவுக்கு. பாசிலிசா போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது என்று அவருக்கு நன்றாகவே தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. இரண்டாவது கோப்பையையும் தானே குடித்துவிடுவார். எருமைப்பால்காரி வந்து ஊற்றிவிட்டுப் போவாள். சுடுசோற்றில் அந்தப் பாலை விட்டு உப்புப் போட்டுச் சாப்பிட்டால், பண்ணையில் சாப்பிட்ட அதே ருசி. அதற்கப்புறம் முற்றத்தைப் பெருக்குவார், பக்கத்து வீட்டு வாத்துகளைக் கல்லெடுத்து விரட்டுவார். சேவலைக் கொஞ்சும் மனிதர், நாய்க்குச் சோறு வைக்கும் மனிதர், வாத்தைக் கண்டால் மட்டும் ஏன் அப்படி ஆகிறார் என்று தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. அவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. வாத்து நல்ல ஜாதி இல்லை என்பார்.

இந்த வருஷம் சில தவறுகள் நடந்தன. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய் அது உருகும் வரை கவனிக்கவில்லை. இடது காலுக்கு ஒரு செருப்பும் வலது காலுக்கு வேறொரு செருப்பும் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். சந்தையிலிருந்து திரும்பும்போது வழி மறந்து, பால்காரியின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பால்காரி அவரைக் கொண்டுவந்து விட்டதோடு நிற்காமல் ரோவேனாவுக்கும் போன் பண்ணிவிட்டாள். ஊரில் நல்லது செய்பவர்கள் தொல்லை பெரிய தொல்லை.

ஆனால் பண்ணை நாட்கள் அவருக்குத் தெளிந்த தண்ணீர். நெல் பால் பிடிக்கும் பருவத்தில் குருவி விரட்ட வயலின் நான்கு பக்கமும் தகர டப்பாக்களைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருப்பார்கள். பரணில் உட்கார்ந்து கயிற்றை இழுப்பது அவர் வேலை. தூங்கிப்போனால் அப்பா மாக்ஸிமோ கீழே வந்து கூப்பிடமாட்டார், கயிற்றின் மறுமுனையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார், பையன் துள்ளி எழுவான். எருமையின் முதுகில் குப்புறப் படுத்து வீடு திரும்பியது, வரப்பு நண்டு கடித்த கட்டைவிரல், போரடிக்கும் நாளில் வைக்கோல் சுணை ஏறி ராத்திரி முழுக்கச் சொறிந்தது, இதையெல்லாம் அமாதோவே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி ஒப்புக்கொள்வார். ஆறு என்றால்தான் நிற்பார்.

செவெரினோ யோசித்து யோசித்துக் குழம்பினார். ஒருவேளை அது வேறு வீடாக இருக்குமோ? இல்லை. ஜன்னல் கட்டையில் அம்மா சூடான சட்டியை இறக்கி வைத்து ஒரு கரிவட்டம் விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் விரலை வைத்துச் சுற்றிக்கொண்டே அவர் ஆற்றைப் பார்த்திருக்கிறார். அதே வட்டத்துக்குள் விரலை வைத்துச் சுற்றிக்கொண்டே மூங்கில் புதரையும் பார்த்திருக்கிறார். அதே ஜன்னல், அதே கரி, வெளியே மட்டும் ஒரு நாள் ஆறு, ஒரு நாள் மூங்கில். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இரண்டையும் அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

ஆறு பொய்யென்றால் வேறு எதுவெல்லாம் பொய் என்று நினைத்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. பாயில் ஒரு கோரை உருவினால் போதும், மீதியும் கழன்று வரும். எருமைக்கு உடைந்திருந்தது இடது கொம்பா, வலது கொம்பா? அப்பா பாடுவாரா, சீட்டியடிப்பாரா? பாசிலிசாவை முதலில் பார்த்தது அரிசி ஆலையிலா, அதுவும் தானாகக் கட்டிக்கொண்டதா? யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார்கள்.

சொல்லாமலே கட்டினார்கள். இறந்தோர் தினத்துக்கு வருகிறேன், கல்லறைக்குப் போய்விட்டு அப்படியே உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ரோவேனா போனில் சொன்னாள். மணிலாவில் அவள் வீடு ஏழாவது மாடியில். அங்கே சேவல் வளர்க்க முடியாது, முற்றம் கிடையாது, பெருக்குவதற்கும் ஒன்றும் கிடையாது. செவெரினோ ஒரு நாள் முழுக்கக் கோபத்தில் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"ஊர்ல ஒரு ஆளாவது அந்த ஜன்னலுக்குக் கீழ ஆறு இருந்துச்சுன்னு சொன்னா?" என்று கேட்டார்.

"யாரு சொல்லப் போறாங்கப்பா?"

"சொன்னா என்னை இங்கயே விட்டுடுவியா?"

"சொன்னா விட்டுடறேன்," என்றாள். விட்டுக்கொடுக்கிறவள் குரலில் இல்லை அது, பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறவள் குரலில் இருந்தது. செவெரினோவுக்கு அந்த வித்தியாசம் புரிந்தது. இருந்தாலும் வாக்கு வாக்குதான் என்று பிடித்துக்கொண்டார்.

இறந்தோர் தினத்தன்று கல்லறைத் தோட்டம் திருவிழாவாக இருந்தது. வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே மடக்கு நாற்காலிகள், சோற்றுப் பானைகள், சீட்டாட்டம், யாரோ கொண்டுவந்த வானொலி. செவெரினோ முதலில் பாசிலிசாவின் கல்லறையைத் துணியால் துடைத்தார், பெயர் எழுத்துகளுக்குள் விரலை விட்டு அழுக்கை எடுத்தார், மெழுகுவத்தி ஏற்றி, காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு வரிசை தள்ளி அப்பா அம்மாவின் கல்லறைக்கு வந்தார்கள். அமாதோ குடும்பம் ஏற்கெனவே பாய் விரித்துச் சேமியா பரிமாறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற வாடகை வேனில் செவெரினோவின் பெட்டி இருந்தது. ரோவேனா காலையிலேயே அதைக் கட்டி ஏற்றிவிட்டாள். சேவலைப் பால்காரியிடம் கொடுத்தாகிவிட்டது.

அவர் போகிற வருகிற கிழங்களை எல்லாம் நிறுத்தி விசாரித்தார். ஆற்றோரத்தில் வீடு எதுவும் கிடையாது, வெள்ளம் வருமே என்றார் ஒருவர். உங்கள் வீடு கோயிலுக்கு எதிர் வீடுதானே என்றார் இன்னொருவர். அவர்கள் எல்லோரும் அவரை விடச் சின்னவர்கள், அமாதோ காலத்து ஆட்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அமாதோ பேசாமல் சேமியா சாப்பிட்டார். அவர் பேசாததுதான் செவெரினோவுக்கு அதிகம் எரிந்தது. கடைசியில் செவெரினோ ஓய்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போகட்டும், இல்லாத ஆறு இல்லாமலே போகட்டும் என்று நினைத்தார். நினைத்ததும் அழுகை வந்தது.

அப்போதுதான் நடுத்தர வயது ஆள் ஒருவர் ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பல் ஒன்றும் இல்லாத கிழவர், ஆனால் குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். பெயர் மோஹெங். இளவயதிலேயே காடு திருத்தி நிலம் பிடிக்க இசபெலா மாகாணத்துப் பக்கம் போனவர், பெற்றவர்கள் கல்லறையைக் கடைசியாக ஒரு முறை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து மகனோடு வந்திருந்தார். மாக்ஸிமோ, உர்பானா என்ற பெயர்களைப் படித்ததும் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். நீங்கள் எல்லாம் யார் என்று கேட்டார். அமாதோ எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, இவர் என் அண்ணன் என்று கை காட்டினார்.

கிழவர் செவெரினோவை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூத்தவனா? அப்ப இவன்தான் என் தலையில மூத்திரம் பேஞ்சவன்."

அமாதோவின் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். பெரியவர் வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று அமாதோ மரியாதையாகவே சொன்னார். கிழவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்குத் தட்டம்மை போட்டிருந்துச்சுடா," என்றார் செவெரினோவிடம். "வீட்டைத் தூக்கின அன்னைக்கு."

பிறகு சொன்னார். ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்த வருஷம் அது. மாக்ஸிமோவின் வீட்டைத் தாங்கிய மூங்கில் கால்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு வாத்து நடக்கும் இடம்தான் மிச்சம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே ஆறு. பண்ணையாரிடம் கெஞ்சி மாக்ஸிமோ கோயிலுக்கு எதிரே இடம் வாங்கினார். மறுநாளே ஊர் ஆம்பிளைகள் கூடினார்கள். மூங்கில் வீடு, கீற்றுக் கூரை, கழிகளைக் குறுக்கும் நெடுக்கும் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டால் வீடு கிளம்பிவிடும். பானை, பாய், பன்றிக்குட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்தாகிவிட்டது. பிள்ளை மட்டும் உள்ளே. அம்மை போட்ட பிள்ளைமேல் காற்றுப் படக்கூடாது. இறக்கச் சொன்ன ஆம்பிளைகளை உர்பானா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பிடி பிடித்தாள்.

"வீட்டையே தூக்குறீங்க, ஒரு பிள்ளையத் தூக்க முடியாதான்னா உங்க அம்மா," என்றார் மோஹெங். "அவகிட்ட யாரு வாய் கொடுப்பாங்க?"

வழக்கப்படி புது இடத்துக்கு முதலில் போக வேண்டியது அரிசியும் உப்பும். அந்த இரண்டு பானைகளை மட்டும் திரும்ப உள்ளே ஏற்றி, பக்கத்தில் பிள்ளையையும் வைத்து, ஜன்னல்களை அடைத்து, சுற்றிலும் பாயைக் கட்டித் தூக்கினார்கள். மோஹெங்குக்கு அப்போது மீசை முளைக்கும் வயசு. அவருக்குக் கிடைத்தது சமையலறை மூலை. மேலே இடைவெளி விட்டுப் பரப்பிய மூங்கில் தரை.

"பாதி வழியில தலையில சூடா ஊத்துச்சு. மழையோன்னு மேல பார்த்தா வானம் வெளுத்துக் கெடக்கு. கையை எடுக்க முடியாது, எடுத்தா வீடு சாஞ்சிடும். அப்படியே நடந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் செவெரினோ எழுந்து நின்றுவிட்டார்.

"ஆடிச்சா?" என்றார். "இருட்டா இருந்துச்சு. கீழ ஆம்பிளைங்க குரல். எங்கயோ கித்தார் சத்தம் கேட்டுச்சு."

"அது பிலோ. தூக்க மாட்டான். தாளம் வேணும்ல, நான் வாசிக்கிறேன்னு முன்னால நடப்பான். சோம்பேறிப் பய. ஆடிச்சாவா கேக்கறே? ஒருத்தன் குட்டை, ஒருத்தன் நெட்டை, எப்படி ஆடாம இருக்கும்?"

"அதான் படகா," என்றாள் ரோவேனா மெதுவாக.

படிக்கட்டு கோயிலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று உர்பானா சொன்னதால் வீட்டை முழுசாகத் திருப்பி வைத்தார்களாம். கிழக்கே ஆற்றைப் பார்த்த சமையலறை மேற்கே மூங்கிலைப் பார்க்கத் தொடங்கியது அப்படித்தான். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று அமாதோ கேட்டார். அவர் குரலில் முத்திரை குத்தும் சத்தம் இல்லை.

"எதுக்குச் சொல்லணும்? அந்த வருஷம் ஆத்தோரத்து வீடு பூராவும் தூக்கினோம். சோறு தின்னதை எல்லாம் யாராவது கதையாச் சொல்வாங்களா?" என்ற மோஹெங், செவெரினோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜுரம் விட்டு முழிச்சதும் நீ ஜன்னலத் தொறந்து பார்த்துட்டு, ஆறு எங்க ஆறு எங்கன்னு ஒரே அழுகை. உங்க அம்மாவுக்கு ஊருக்கே கஞ்சி காய்ச்சுற வேலை. அடுப்ப ஊதிக்கிட்டே, வாத்துங்க குடிச்சிடுச்சுடான்னா."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். ரோவேனா கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். செவெரினோவும் சிரித்தார். ஆனால் அவருக்குள் எல்லாம் கலங்கிப்போய்க் கிடந்தது. சந்தோஷம்தான், இவ்வளவு சந்தோஷப்பட்டு வருஷங்கள் ஆகின்றன. அம்மாமேல் கோபமும் வந்தது. ஆறு கிடைத்துவிட்டது, படகு போய்விட்டதே என்று ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. இத்தனை காலம் எத்தனை வாத்துகளைக் கல்லால் அடித்தோம் என்று நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ரோவேனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சேவலைப் பால்காரியிடமிருந்து திரும்ப வாங்கிவிடலாம் என்றாள். மாதம் ஒருமுறை வந்தது போதாது, இனி வாராவாரம் தானே வருவதாகச் சொன்னாள்.

"இனிமே நீங்க எது சொன்னாலும், வீட்டை யாராவது தூக்கிட்டுப் போனாங்களான்னு மொதல்ல விசாரிக்கிறேன்பா," என்றாள்.

வாசலுக்கு வந்து வேனின் பின்கதவைத் திறந்தாள். பெட்டியைப் பாதி இழுத்தாள். செவெரினோ வேனில் சாய்ந்துகொண்டு, வெளியே வரும் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். மனசு லேசாக இருந்தது.

"கொஞ்சம் பொறு," என்றார். "உங்க அம்மா இன்னும் வரல. மெழுகுவத்தி வாங்கப் போனவ."

பெட்டிமேல் இருந்த ரோவேனாவின் கை அப்படியே நின்றது. அமாதோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். இரண்டு பேரும் ஏன் திடீரென்று இப்படி ஊமையாகிவிட்டார்கள் என்று செவெரினோவுக்குப் புரியவில்லை. பாசிலிசா எப்போதும் இப்படித்தான். ஒரு மெழுகுவத்தி வாங்கப் போனால் பூக்கடை பூவை எல்லாம் விலை கேட்டுவிட்டுத்தான் வருவாள். அதைத்தான் அவர்களிடம் சொன்னார்.

ரோவேனா பெட்டியை இறக்கவும் இல்லை, உள்ளே தள்ளவும் இல்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் போனாங்கப்பா?"

அவர் கல்லறைத் தோட்டத்துக்குள் கை காட்டினார். வரிசை வரிசையாக மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. ரோவேனா அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்தாள். இவளுக்கு என்ன, சிரித்துக்கொண்டிருந்தவள்தானே என்று அவர் யோசித்தார்.

"சரிப்பா," என்றாள். "வர்ற வரைக்கும் நிப்போம்."

நின்றார்கள். ஒரு மெழுகுவத்திக்கு இவ்வளவு நேரமா என்று அவருக்குக் கோபம் வரப் பார்த்தது. வந்ததும் மோஹெங் தலையில் பெய்த மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எல்லோரையும் விட அவள்தான் அதிகம் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார்.